திறந்துதான் பார்க்கணுமாம்

ஆபீசில் ஆடிட்டர் ஒருத்தரையும் நம்ப மாட்டார். கம்பெனி முதலாளி நேரில் வந்து சத்தியம் பண்ணினாலும் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, "பில் இருக்கா?" என்பார். காபிச் செலவு என்று எழுதியிருந்தால், வந்தவர்களில் காபி குடிக்காதவர் எத்தனை பேர் என்று கேட்பார். அப்படிப்பட்ட மனிதர் சாயங்காலம் மெக்கானிக் ஷெட்டுக்குள் காலை வைத்ததும் பச்சைக் குழந்தை ஆகிவிடுவார். "இந்த பம்ப் இப்போதைக்கு நல்லாத்தான் இருக்கு சார், ஆனா மனசுல ஏதோ கஷ்டத்தோட ஓடுது" என்று மெக்கானிக் சொன்னால், "அடப் பாவமே, மாத்திடுங்க" என்பார். பில் கேட்க மாட்டார். கேட்டால் மெக்கானிக்கின் மனசு புண்பட்டுவிடுமாம்.

இத்தனைக்கும் காரணமான அந்தக் கார் கரும்பச்சை நிறம். இரண்டே கதவு. தரையோடு தரையாகப் படுத்திருக்கும். அதில் ஏறுவதென்றால் முதலில் தலையைக் கொடுக்க வேண்டும், பிறகு இடுப்பைக் கொடுக்க வேண்டும், கடைசியில் வெளியே நிற்கிற காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்துக்கொள்ள வேண்டும். அது புதிதாக வந்த காலத்தில் ரோட்டில் அதை முந்த ஆள் கிடையாது. இப்போது அதற்கு வயது இருபத்தைந்து. முந்துவது கிடக்கட்டும், கிளம்பினாலே பெரிய விஷயம். ஒரு வாரம் ஓடும், மூன்று வாரம் ஷெட்டில் கிடக்கும். ஓடுகிற அந்த ஒரு வாரத்திலும் ஆடிட்டர் ரேடியோவை அணைத்துவிட்டு, கண்ணாடியை இறக்கிவிட்டு, எங்கேயாவது ஏதாவது சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டேதான் ஓட்டுவார். வரவில்லை என்றால் இன்னும் கவலைப்படுவார்.

அவர் மனைவி அந்தக் காருக்கு வைத்திருந்த பெயர் சின்னவீடு. "மழை வர்ற மாதிரி இருக்கு, சின்னவீட்டுக்குப் போர்வை போத்திட்டீங்களா?" என்று ஜன்னலிலிருந்து கேட்பாள். ஆடிட்டருக்கு இந்தக் கிண்டல் உள்ளூரப் பிடிக்கும். தன் வயசுக்கு ஒரு சின்னவீடு இருப்பதாகப் பேச்சு வருவதே ஒரு கௌரவம்தான் என்று நினைத்துக்கொள்வார்.

இதே மாடல் கார் வைத்திருக்கிற ஏழெட்டுப் பேர் சேர்ந்து வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருந்தார்கள். எல்லோரும் தலை நரைத்தவர்கள். ஒருவருடைய கார் ஜன்னல் பாதியில் நின்றுவிட்டது என்று செய்தி வந்தால் போதும், மற்றவர்கள் துக்கம் விசாரிக்க ஆரம்பித்துவிடுவார்கள். "தைரியமா இருங்க." "எங்க வீட்லயும் போன வருஷம் இதேதான்." அழுகிற பொம்மைகள் வரிசையாக வந்து விழும். அவர்கள்தான் அந்த மெக்கானிக்குக்கு 'டாக்டர்' என்று பட்டம் கொடுத்தது. அவரும் சும்மா வாங்கிக்கொள்ளவில்லை. எஞ்சினின் மேல் வைத்துக் கேட்பதற்கு நிஜமாகவே ஒரு ஸ்டெதாஸ்கோப் வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டுவிட்டார். பிறகு ஒரு ஸ்கேனர் வாங்கினார். ஸ்கேன் என்றும் அட்மிஷன் என்றும் அவர் பேசும்போது காரின் சொந்தக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள்.

இதனால் ஆடிட்டர் வீட்டில் ஒரு மொழிப் பழக்கம் உண்டாகிவிட்டது. வெறுமனே 'டாக்டர்' என்றால் அது மெக்கானிக். மனிதர்களுக்கு வைத்தியம் பார்க்கிறவர் 'ஆஸ்பத்திரி டாக்டர்'. யாருக்காவது காய்ச்சல் வந்தால் அந்த 'ஆஸ்பத்திரி'யைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் எங்கேயோ கொண்டுபோய் விடும். ஒரு நாள் அது சொல்லப்படவில்லை. அதுதான் இந்தக் கதை.

ஆடிட்டரின் மனைவி பஸ் டிப்போவில் மேனேஜர். அவள் பொறுப்பில் இருந்த பஸ்களில் பாதி அந்தப் பச்சைக் காரைவிட வயதானவை. அவை தினமும் விடியற்காலையில் முனகிக்கொண்டோ இருமிக்கொண்டோ எப்படியோ கிளம்பிப் போய்விடும். இதைப் பற்றி அவள் வீட்டில் பேசுவதில்லை. பேசினால் ஆடிட்டர், "அது பஸ்ஸு, இது பெர்ஃபார்மன்ஸ் கார்" என்பார்.

நாலைந்து மாதமாக அவளுக்கு அடிவயிற்றில் வலி. பகலில் வேலை மும்முரத்தில் மறந்துவிடும். ராத்திரி படுக்கையில் திரும்பிப் படுக்கும்போது உயிர் போகும். பல்லைக் கடித்துக்கொண்டாலும் ஒரு முனகல் வந்துவிடும். கணவரிடம் சொல்லாமலும் இல்லை. ஒரு தடவை சொன்னபோது அவர் வாயில் நாலு ஸ்க்ரூவைக் கவ்விக்கொண்டு டேஷ்போர்டுக்குள் தலையை விட்டிருந்தார். "ம்" என்றார். இன்னொரு தடவை சொன்னபோது, "வெந்நீர் குடி" என்றார். மூன்றாம் தடவை சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. கேட்டு வாங்குகிற அக்கறை எதற்கு என்று விட்டுவிட்டாள்.

அன்று காலை கார் ஷெட்டில் இருந்தது. ஆடிட்டர் சாப்பாட்டு மேசையில் செய்தித்தாளை விரித்து, காரிலிருந்து கழற்றிய ஒரு பழைய பித்தளைக் குழாயைப் பல் தேய்க்கிற பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தார். பிரஷ் யாருடையது என்று அவள் கேட்கவில்லை.

"இன்னிக்கு நான் லீவு போட்டிருக்கேன். டாக்டரைப் பாக்கப் போறேன்" என்றாள்.

ஷெட் இருப்பது டிப்போவுக்கு அடுத்த தெருவில். போகிற வழியில் அவள் அங்கே எட்டிப்பார்த்து ஏதாவது கேட்டுவருவது வழக்கம்தான். ஆடிட்டருக்கு முகம் மலர்ந்துவிட்டது. தன் காருக்காக லீவே போட்டிருக்கிறாள்!

"போறியா? ரொம்ப நல்லதாப் போச்சு. அந்தச் சத்தம் என்னன்னு மறக்காமக் கேட்டுடு."

அவள் கைப்பையை மூடிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். "எந்தச் சத்தம்?"

"எந்தச் சத்தமா? ஒரு மாசமா வருதே. நேரா இருக்கற வரைக்கும் ஒண்ணும் இல்ல. திரும்பும்போதுதான் வருது. லேசா, முனகற மாதிரி."

"உங்களுக்குக் கேட்டுச்சா?"

"கேக்காம? எனக்குத் தூக்கமே போச்சு" என்றார் ஆடிட்டர், குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டே.

அவள் கொஞ்ச நேரம் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கிட்டே வந்து, அவர் சட்டைக் காலரில் ஒட்டியிருந்த கறுப்பு மையைத் துடைத்துவிட்டுப் போனாள். இவள் என்ன இன்றைக்கு இவ்வளவு அன்பாக இருக்கிறாள் என்று ஆடிட்டருக்கு ஆச்சரியமாக இருந்தது.

பகல் வேளையில் அவர் ஒரு கம்பெனியின் ஃபைல் அறையில் உட்கார்ந்து, அந்தக் கம்பெனிக்காரர்களை அழவைத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"டாக்டர் பாத்துட்டாங்க" என்றாள் மனைவி. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. மரியாதைக்காகப் போடுகிற 'ங்க'வில் ஆணா பெண்ணா என்று தெரியாது. தமிழில் பேசுகிறவர்களுக்கு இது ஒரு வசதி, அன்றைக்கு அதுவே வினையானது.

"என்னவாம்?"

"ஸ்கேன் பண்ணிப் பாத்தாங்க. தொறந்துதான் பாக்கணுமாம்."

ஆடிட்டர் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். எஞ்சினைத் திறப்பதா! ஆனால் உடனே வேறொரு யோசனை வந்தது. காருக்குச் செலவழிக்கிறாரே என்று வீட்டில் எல்லோருக்கும் அவர்மேல் ஒரு குறை உண்டு. போன ஞாயிற்றுக்கிழமைகூட சகலை, அதாவது மனைவியின் தங்கை புருஷன், தன்னுடைய புது எலெக்ட்ரிக் காரைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே எல்லோர் முன்னாலும் இளக்காரமாகச் சிரித்தார். இன்றைக்கு ஒரு நாளாவது பொறுப்பான குடும்பஸ்தனாகப் பேசி மனைவியை அசத்திவிடுவது என்று ஆடிட்டர் முடிவு செய்தார். மனசைக் கல்லாக்கிக்கொண்டார்.

"தொறக்கறதெல்லாம் வேணாம்னு சொல்லிடு."

"வேணாமா?"

"தொறந்தா அது ஒண்ணோட நிக்காது. அவங்களுக்கு எதைப் பாத்தாலும் தொறக்கணும்."

"லேட் பண்ணா பக்கத்துல இருக்கறதையும் கெடுத்துடுமாம். உள்ள கசிவு வேற இருக்காம்."

"இந்த வயசுல கசியாம என்ன பண்ணும்? அப்படித்தான் பயமுறுத்துவாங்க. நீ காதுல வாங்கிக்காதே."

மறுமுனையில் பேச்சே இல்லை. ஆடிட்டர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார். உற்சாகம் பிய்த்துக்கொண்டு வந்தது.

"இதோ பாரும்மா, நானும் யோசிக்காம இல்ல. எத்தனை வருஷத்துக்கு இதுக்கே கொட்டி அழறது? ஓடற வரைக்கும் ஓடட்டும். அப்புறம் யார் தலையிலயாவது கட்டிட்டு, புதுசா ஒண்ணு பாத்துக்கலாம்."

"புதுசாவா?"

"ஆமா. சகலைகிட்ட இருக்கே, அந்த மாதிரி. பாக்கவும் லட்சணமா இருக்கு, ஒரு சத்தம் போடறதில்ல. ராத்திரி சார்ஜ்ல போட்டா காலையில கிளம்பிடுது."

போன் கட்டானது. சிக்னல் இல்லை போலிருக்கிறது என்று நினைத்தார். இவ்வளவு தூரம் பேசிவிட்டோமே என்று அவருக்கே பாவமாக இருந்தது. ஃபைல் அறையின் சுவரைப் பார்த்துக்கொண்டு, மனசுக்குள்ளேயே காரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

சாயங்காலம் நேரே ஷெட்டுக்குப் போனார். ஷெட்டின் தரை பல வருஷத்து எண்ணெய் குடித்துக் கறுத்துப்போயிருந்தது. ஒரு மூலையில் கதவுகள் மட்டும் தனியாக அடுக்கியிருந்தன. பச்சைக் கார் போர்வை போர்த்தியபடியே நின்றது. மெக்கானிக் ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டிக்கொண்டு வேறொரு காரின் எஞ்சினின்மேல் குனிந்திருந்தார்.

"என்ன டாக்டர், தொறக்கணும்னுட்டீங்களாமே?" என்றார் ஆடிட்டர், கொஞ்சம் கோபம் காட்டி.

"எதை சார்?"

"எஞ்சினைத்தான். வீட்ல சொன்னாங்க. ஸ்கேனெல்லாம் போட்டீங்களாம், கசிவு இருக்காம்."

மெக்கானிக் நிமிர்ந்தார். "நான் இன்னும் உங்க வண்டிப் போர்வையையே எடுக்கலையே சார். ஸ்கேனரே ரிப்பேருக்குப் போயிருக்கு."

"அப்ப என் சம்சாரத்துக்கிட்ட யாரு சொன்னது?"

"மேடம் இன்னிக்கு இந்தப் பக்கமே வரலையே."

"வராம எப்படி? டாக்டரைப் பாக்கப் போறேன்னு என்கிட்ட சொல்லிட்டுத்தானே..."

சொல்லிக்கொண்டே வந்தவர் நின்றுவிட்டார். மெக்கானிக்குக்கும் புரிந்துவிட்டது. ஸ்டெதாஸ்கோப்பை மெதுவாகக் கழற்றி, சுருட்டி, பார்க்க முடியாத மாதிரி சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

ஆடிட்டருக்கு மத்தியானம் பேசியதெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. இந்த வயசில் கசியாமல் என்ன பண்ணும். ஓடுகிற வரைக்கும் ஓடட்டும். யார் தலையிலாவது கட்டிவிட்டுப் புதிதாக ஒன்று. சகலையிடம் இருக்கிற மாதிரி. சகலையிடம் இருப்பது இவளுடைய சொந்தத் தங்கை அல்லவா! ஆடிட்டர் பக்கத்திலிருந்த ஒரு கார் கதவைப் பிடித்துக்கொண்டார். அது எந்தக் காரோடும் சேராத கதவு. அவரோடு சேர்ந்து சரிந்தது.

மனைவிக்குப் போன் போட்டார். அணைத்து வைத்திருந்தாள்.

"வண்டியை எடுத்துட்டுப் போங்க சார். நான்தான் இன்னும் ஒண்ணும் பண்ணலையே, அதனால ஓடும்" என்றார் மெக்கானிக்.

ஆடிட்டர் காரைப் பார்த்தார். அந்த ஷெட்டுக்குள் முதல்முறையாக, ஆபீசில் கேட்கிற மாதிரி கேட்டார். "போய்ச் சேருமா?"

"அப்படிக் கேட்டா..." என்று மெக்கானிக் காதைச் சொறிந்தார்.

ஆடிட்டர் ஓட ஆரம்பித்தார். அடுத்த தெருவில் டிப்போ. உள்ளே ஒரு கிழட்டு பஸ் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. டிரைவர் அவரைப் பார்த்ததும் சீட்டிலிருந்து எழுந்தேவிட்டார்.

"மேடம் வீட்டுக்காரர்தானே? ஏறுங்க சார், இது ஆஸ்பத்திரி வழிதான் போகுது. மத்தியானமே அட்மிட் ஆயிட்டாங்களே, நீங்க கூடவே இருப்பீங்கன்னுல்ல நெனச்சோம்?"

"என்ன... என்னவாம் அவளுக்கு?"

டிரைவர் அவரை ஒரு மாதிரி பார்த்தார். "வயித்துல கட்டியாம் சார். நாளைக்குக் காலையில ஆபரேஷன். ஆஸ்பத்திரியில இருந்தே போன் பண்ணி, அடுத்த வாரத்துக்கு யார் யாருக்கு எந்த வண்டின்னு சொல்லிட்டாங்க." அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததுதான் ஆடிட்டருக்கு அறைந்த மாதிரி இருந்தது. துணி மூட்டையோடு உட்கார்ந்திருந்த ஒரு பயணிகூட அவரைத் திரும்பிப் பார்த்தார். டிப்போவுக்கே தெரிந்த விஷயம், கட்டின புருஷனுக்குத் தெரியவில்லை.

"சீக்கிரம் எடுங்களேன்" என்று கெஞ்சினார்.

"இன்னும் டைம் இருக்கு சார். முன்னாடி எடுத்தா மேடம் என்னைத் தொலைச்சுக் கட்டிடுவாங்க."

பஸ் அதன் நேரத்துக்குக் கிளம்பியது, அதன் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. வழியெல்லாம் அது என்னென்னவோ சத்தம் போட்டது. ஆடிட்டருக்கு ஒன்றும் காதில் விழவில்லை.

ஆஸ்பத்திரி அறையில் இரண்டு கட்டில்கள். ஜன்னலோரக் கட்டிலில் அவர் மனைவி, ஆஸ்பத்திரி கொடுத்த வெளிர்நீல அங்கியில், ஏதோ ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் தங்கை. சகலை சுவரில் சாய்ந்துகொண்டு நின்றார்.

"வாங்க சகலை. வண்டி ஓடுச்சா?"

"பஸ்ல வந்தேன்."

"அதானே பாத்தேன், வந்து சேந்துட்டீங்களேன்னு" என்றார் சகலை. வேறு நாளாக இருந்தால் ஆடிட்டர் இதற்குப் பதில் வைத்திருப்பார்.

கொழுந்தியாள் எழுந்தாள். "அத்தான், அக்காகிட்ட பேசிக்கிட்டு இருங்க, நாங்க காபி வாங்கிட்டு வர்றோம்" என்று புருஷனை இழுத்துக்கொண்டு போனாள். பேசிக்கொண்டிருங்கள் என்று அவள் சொன்ன தினுசே, வாங்கிக்கட்டிக்கொள்ளுங்கள் என்கிற மாதிரி இருந்தது.

ஆடிட்டர் கொட்டினார். தான் நினைத்தது காரை என்றும், டாக்டர் என்றது மெக்கானிக்கை என்றும், தலையில் கட்டுவதாகச் சொன்னதும் காரைத்தான் என்றும், மனைவியைப் பற்றி அப்படி ஒரு வார்த்தை கனவிலும் வராது என்றும் மூச்சு வாங்கச் சொன்னார். அவள் முழுக்கக் கேட்டாள்.

"தெரியும்" என்றாள். "மொதல்ல எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. ராத்திரி சார்ஜ்ல போடணும்னு சொன்னீங்க பாருங்க, அப்ப தெரிஞ்சுடுச்சு."

"அப்பாடா!" ஆடிட்டருக்கு உயிர் வந்தது. "அப்ப கோவம் இல்லையே?"

"அதுக்குக் கோவம் இல்ல."

"பின்னே எதுக்கும்மா போனை அணைச்சு வெச்சே?"

அவள் அங்கியின் நாடாவைச் சரிசெய்துகொண்டாள். "காலையில சத்தம் வருதுன்னு சொன்னீங்களே. திரும்பும்போது வருது, முனகற மாதிரி இருக்குன்னு. நான் என்னைத்தான் சொல்றீங்கன்னு நெனச்சேன். ராத்திரி திரும்பிப் படுக்கும்போதுதான் எனக்கு வலிக்கும். கரெக்டா கவனிச்சிருக்காரே, இதனால தூக்கமே போச்சுங்கறாரேன்னு... டாக்ஸியில போகும்போது சிரிச்சுக்கிட்டே போனேன். வயித்துல கட்டியை வெச்சுக்கிட்டு சிரிச்சுக்கிட்டுப் போனது நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்."

ஆடிட்டர் தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். தெருக்கோடியில் ஒரு கார் திரும்பினால், எந்தச் சக்கரத்தில் எந்த பேரிங் போயிருக்கிறது என்று வீட்டுக்குள் இருந்தே சொல்கிற காது அது. அதே காதுக்கு ஒரு முழம் தள்ளி, நாலைந்து மாதமாக ஒருத்தி வலியில் முனகியிருக்கிறாள். அவருக்கு வெட்கமாக இருந்தது. தன்மேலேயே அருவருப்பாகவும் இருந்தது.

"நான் ஒரு நாளும் நடுரோட்டுல நின்னதில்ல" என்றாள் அவள், கோபமே இல்லாமல். "அதான் உங்களுக்கு என்னை நெனச்சுப் பயமே வரல."

கொழுந்தியாள் காபியோடு வந்தாள். ஆடிட்டர் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே ஆறவிட்டார்.

மறுநாள் காலை சர்ஜன் வந்தார். நடுத்தர வயசு, வேகமான நடை, உடைத்துப் பேசுகிற பெண்மணி. "கட்டி கொஞ்சம் பெரிசா இருக்கு. சாதாரணக் கட்டின்னுதான் தோணுது. எடுத்துப் பாத்தாத்தான் உறுதியாச் சொல்ல முடியும்" என்றார்.

'தோணுது' என்ற வார்த்தையைக் கேட்டதும் ஆடிட்டர் ஓரடி முன்னால் வந்தார். ஷெட்டில் இத்தனை வருஷம் கேட்ட வார்த்தை அது. ஒன்றும் தெரியாதபோதுதான் அங்கே 'தோணுது' என்பார்கள்.

"மேடம், இதே வேலையை இதுக்கு முன்னாடி பண்ணியிருக்கீங்களா?"

"நேத்துகூடப் பண்ணேன்."

"வழியில இருக்குன்னு மத்ததையெல்லாம் கழட்ட மாட்டீங்களே?"

"மாட்டோம்."

"திரும்ப மூடும்போது எல்லாம் அதது இடத்துல உக்காந்துடும்தானே? கடைசியில ஏதாவது மிச்சம் வந்தா..."

"மிச்சம் வராது சார்" என்றார் சர்ஜன். பிறகு நர்ஸைப் பார்த்துத் தணிந்த குரலில், "இவர் என்ன வேலை பாக்கறார்?" என்று கேட்டார். கட்டிலில் இருந்தபடி அவர் மனைவி, "ஆடிட்டர்" என்றாள், வேறு யாரையோ பற்றிச் சொல்வது போல.

ஆடிட்டர் விடவில்லை. "எடுத்ததைக் காட்டுவீங்களா?" என்றார். அவருக்குள் ஆபீஸ்காரர் விழித்துக்கொண்டிருந்தார். கழற்றிய பழைய சாமானைக் கண்ணால் பார்த்தால்தான் மாற்றியது நிஜம்.

"அவசியம் பாக்கணும்னா காட்டறோம்."

தள்ளுகட்டில் வந்தது. மனைவியிடம் என்னென்னவோ சொல்ல வேண்டும் என்று ஆடிட்டர் ராத்திரி முழுக்க அடுக்கி வைத்திருந்தார். தள்ளுகிறவரிடம், "மெதுவா... வாசப்படி இருக்கு, பாத்து" என்று மட்டும் சொல்ல முடிந்தது. கதவு மூடிக்கொண்டது.

வெளியே நீண்ட நடை. சுவரோரம் இரும்பு பெஞ்சு. சகலையும் கொழுந்தியாளும் ஒரு பெஞ்சில், ஆடிட்டர் எதிர்ப் பெஞ்சில். வாட்ஸ்அப் குழுவில் ஒருவருடைய காரில் ஹாரன் அடிக்காமல் போய்விட்டதாம், துக்க விசாரணை நடந்துகொண்டிருந்தது. ஆடிட்டர் போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டார். உள்ளே என்ன செய்துகொண்டிருப்பார்கள் என்று நினைக்கக் கூடாது என்று நினைத்தார். எஞ்சினைத் திறந்து பார்த்திருக்கிற அவருக்கு, எவ்வளவு நல்ல கைகளாக இருந்தாலும் திறந்த இடத்தில் என்னென்ன நடக்கும் என்று தெரியும். தெரிந்து தொலைத்ததுதான் கஷ்டம். அவள் இல்லாத வீடு கண்ணுக்கு முன்னால் வந்தது. சாப்பாட்டு மேசை, அதன்மேல் விரித்த செய்தித்தாள், அதன்மேல் பளபளவென்று தேய்த்த குழாய். யாரும் எடுக்கச் சொல்லாததால் அது அங்கேயே கிடந்தது. ஆடிட்டருக்கு அழுகை வந்தது. சகலை பார்க்கிறாரே என்றுகூடத் தோன்றவில்லை. சகலை எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கிண்டலெல்லாம் மறந்து, தன் கைக்குட்டையை எடுத்து நீட்டினார்.

கதவு திறந்தது. சர்ஜன் தொப்பியோடு வந்தார். பின்னால் நர்ஸ், கையில் ஒரு ஸ்டீல் தட்டு. "சார், பரிசோதனைக்கு அனுப்பறோம், ஆனா பாத்த வரைக்கும் சாதாரணக் கட்டிதான். அவங்க நல்லா..." என்று சர்ஜன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, காட்டச் சொன்ன ஆடிட்டர் பெஞ்சின் விளிம்பில் புருவத்தை மோதிக்கொண்டு, வேரோடு சாய்ந்த மரம் மாதிரி தரையில் கிடந்தார். தட்டில் இருந்ததை அவர் பார்க்கவே இல்லை. தூக்கிப் போக இரண்டு பேர் வர வேண்டியிருந்தது. அதே தள்ளுகட்டிலில் வைத்துக்கொண்டு போய்ப் புருவத்தில் தையல் போட்டார்கள்.

அவள் நன்றாகக் கண் விழித்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது. பக்கத்துக் கட்டிலில், தலையைச் சுற்றி வெள்ளைக் கட்டோடு, தன் புருஷன் மல்லாந்து படுத்திருப்பதைப் பார்த்தாள்.

"இவருக்கு என்னடி ஆச்சு?" என்று தங்கையிடம் கேட்டாள்.

தங்கை சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அக்காவால் சிரிக்க முடியாது, தையல் இழுக்கும். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"என்னங்க."

"ம்."

"பயந்துட்டீங்களா?"

ஆடிட்டர் வேறு சமயமாக இருந்தால், காலையில் சாப்பிடவில்லை, அதனால் மயக்கம் என்று சொல்லியிருப்பார். "ஆமா" என்றார்.

"கட்டியைப் பாத்தா?"

"அதை எங்க பாத்தேன்? அந்தம்மா கதவைத் தொறந்துக்கிட்டு வந்தாங்க. நீ போயிட்டேன்னு சொல்லத்தான் வர்றாங்கன்னு நெனச்சேன். அப்பவே ரெண்டு காலும் என்கிட்ட இல்ல. அவங்க என்ன சொன்னாங்கன்னுகூடக் காதுல விழல."

அவள் கூரையைப் பார்த்தாள். கண்ணோரத்தில் வழிந்தது காதுப் பக்கம் இறங்கியது. துடைத்துக்கொள்ளவில்லை.

"நல்லா வேணும் உங்களுக்கு" என்றாள்.

"வேணும்தான்" என்றார் ஆடிட்டர்.

கொழுந்தியாள் புருஷனுக்குக் கண்ணைக் காட்டினாள். இருவரும் வெளியே போனார்கள். நர்ஸ் வந்து பாட்டிலைப் பார்த்துவிட்டுப் போனாள். எல்லோரும் போன பிறகு மனைவி தலையை மட்டும் அவர் பக்கம் திருப்பினாள்.

"நீங்க பயந்ததை இன்னொரு தடவை சொல்லுங்க."

ஆடிட்டர் முதலிலிருந்து சொன்னார்.